தங்கையின் கட்டுரையில் யார் பெயர்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, உன் தங்கை மூவரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் மாடிப்படி ஏறும்போது மட்டும் நான் பார்க்கிறேனா என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறாள். மேல்வீட்டுக்காரர் தன் வாஷிங் மெஷின் குழாயை இன்னும் சரிசெய்யவில்லை, சோப்பு நுரை நம் பால்கனிக் கம்பியில் வழிந்துகொண்டுதான் இருக்கிறது, கேட்டால் சிரிக்கிறார், சிரித்தே காரியத்தைத் தள்ளிப்போடும் மனிதர்களை எனக்கு என்றுமே பிடித்ததில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நான் பேசினால் நீ 'ம், ம்' என்கிறாய், பின்னால் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்கிறது. கடிதத்தை அப்படிப் படிக்க முடியாது, உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். உட்கார்ந்து படி. உன்மேல் எனக்குக் கோபம், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ உன் தங்கை நண்டிடம் பேசியது என் காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்கவில்லை. அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டுப் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள், நான் பக்கத்து அறையில் ஹீட்டர் கம்பியில் படிந்த உப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். 'பேர மாத்திட்டுக் குடுத்துடு நண்டு, அப்பா கோபம் அப்பாவோட, உன் கட்டுரை உன்னோட, கடைசிப் பக்கத்த யாரு பாக்கப் போறா' என்றாய். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்த சத்தம் மட்டும் கேட்டது. நீ பாதி விஷயம் தெரியாமல் பேசினாயா, முழுக்கத் தெரிந்தும் அப்படிப் பேசினாயா என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் பேசியதாகவே வைத்துக்கொண்டு ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன்.

பள்ளிகளுக்கு இடையிலான ஆய்வுக் கட்டுரைப் போட்டிக்காக நண்டு எழுதியது நம் ஊர்க் குழாய்த் தண்ணீரைப் பற்றி. ரயில் பாதைக்குக் கிழக்கே இருக்கும் வீடுகளில் மட்டும் பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிகிறது, மேற்கே இல்லை, ஏன் என்பது கேள்வி. விளையாட்டுக்கு எடுத்த தலைப்பில்லை. தேர்வாகிற பிள்ளைகளுக்கு விடுமுறையில் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஒரு மாதம் வேலை செய்ய இடம் கிடைக்கும், அவளுக்கு அந்த இடம் வேண்டும், வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லாத பெண் இதை மட்டும் சொன்னாள். மழை முடிந்த கையோடு வீடு வீடாகப் போய்த் தண்ணீர் பிடித்து வந்தாள், பிடித்த பாட்டில்கள் எல்லாம் அம்மாவின் அலமாரியில் பருப்பு டப்பாக்களுக்கு முன்னால் நின்றன, அம்மா தினமும் அவற்றை நகர்த்திவிட்டுத்தான் சமைத்தாள். சோதனையெல்லாம் பள்ளி லேபிலேயே செய்தாள். நான் வேலை பார்ப்பதே தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில்தான், இருந்தும் ஒரு பாட்டிலைக்கூட அங்கே கொண்டுவர விடவில்லை. 'அப்புறம் அப்பா செஞ்சு குடுத்தாருன்னு சொல்லுவாங்க' என்றாள். அவள் ஜாக்கிரதை அவளுக்கு. ஆனால் சொல்ல நினைப்பவர்கள் வேறு வழியில் வந்து சொன்னார்கள்.

கிழக்கே உப்பு ஏன் என்பதற்கு இந்த ஊரில் எல்லோரும் ஒரு பதில் வைத்திருந்தார்கள், போர்க் கிணறு ஆழமாகப் போட்டால் உப்பு என்று. அது தவறு, ஆழத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கிழக்கே பூமிக்கடியில் ஓடும் சுண்ணாம்புப் பாறையைத் தொடுகிற கிணறு எந்த ஆழத்தில் இருந்தாலும் உப்புத்தான் தரும் என்று முதலில் அளந்து சொன்னவன் நான். முதுகலை ஆய்வேட்டில் சொன்னேன். நீ பிறப்பதற்கு முன்பு. என் வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார், அவ்வளவுதான், பாராட்டுகூட இல்லை. சில வருடங்கள் கழித்து அவர் பெயரில் ஒரு புத்தகம் வந்தது, நிலத்தடி நீரைப் பற்றி, பாடத்திட்டத்திலும் சேர்த்துக்கொண்டார்கள். அதன் மூன்றாம் அத்தியாயத்தில் என் பத்தி அப்படியே இருந்தது. வாக்கியம் மாறவில்லை, காற்புள்ளி மாறவில்லை, நான் அவசரத்தில் இரண்டு முறை போட்டுவிட்ட ஒரு 'ஆகவே' கூட மாறவில்லை. என் பெயர் எங்கேயும் இல்லை. முன்னுரையில் 'பல மாணவர்களுக்கும் என் நன்றி' என்று இருந்தது. அந்தப் பலரில் நான் ஒருவனாம். இது உனக்குத் தெரிந்த கதை, சாப்பாட்டு மேசையில் போதுமான தடவை கேட்டிருக்கிறாய், உன் அம்மா ஒரு நாள் 'அந்த மனுஷனுக்கும் ஒரு தட்டு வெச்சிடட்டுமா, தினமும் நம்ம வீட்லதானே இருக்காரு' என்று கேட்டதும் உனக்கு நினைவிருக்கும், நீ விழுந்து விழுந்து சிரித்தாய். சிரித்தவன் மறந்துவிடலாம். நான் மறக்கவில்லை.

நண்டு என்னிடம் வந்து பாறை விஷயத்தை எங்கே படிக்கலாம் என்று கேட்டபோது பரண்மேல் இருந்த ஆய்வேட்டை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்து படித்தாள். அந்தப் பத்தியை மேற்கோள் குறிக்குள் போட்டு, அடியில் என் பெயர், ஆய்வேட்டின் தலைப்பு, ஆண்டு, பக்கம் எல்லாம் முறையாகக் குறிப்பிட்டு எழுதினாள். போட்டி விதிகளில் அப்படித்தான் போட வேண்டும் என்று இருக்கிறது, விதிகளை அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தாள். பள்ளியில் கட்டுரைகளை ஒரு மென்பொருளில் போட்டுப் பார்க்கிறார்கள், காப்பி அடித்ததைக் கண்டுபிடிக்குமாம். அதற்கு மேற்கோள் குறி என்றால் என்னவென்றே தெரியாது போல. அச்சில் வந்த புத்தகம் அதற்குத் தெரியும், பரணில் கிடந்த ஆய்வேடு அதற்குத் தெரியாது. ஆகவே அந்தப் பத்தி முழுவதையும் சிவப்பாக்கி, பக்கத்தில் அந்த மனிதரின் புத்தகத்தின் பெயரைப் போட்டுத் துப்பிவிட்டது. அறிவியல் ஆசிரியை வகுப்பில் எல்லோர் முன்னாலும் அவளை எழுப்பி, 'பெரிய மனுஷர் எழுதினத எடுத்துக்கிட்டு உங்கப்பா பேரைப் போட்டிருக்கியே, வீட்ல சொல்லிக் குடுத்தாங்களா' என்று கேட்டிருக்கிறார்.

யோசித்துப் பார். என்னிடமிருந்து எடுத்தவன் பேராசிரியர், திருடி என்ற பெயர் என் மகளுக்கு.

அவள் அங்கே அழவில்லை, வீட்டுக்கு வந்தும் அழவில்லை. ஆசிரியையிடம் என்ன சொன்னாள் என்பதை அவள் தோழி வந்து அம்மாவிடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். 'நான் படிச்சது ஆய்வேட்டைத்தான் மிஸ், அந்தப் புத்தகத்த நான் பாத்ததே இல்ல' என்றிருக்கிறாள். 'பாக்கலேன்னா என்ன, புத்தகத்தோட பேரைப் போடு, பிரச்சினை முடிஞ்சுது' என்றாராம் ஆசிரியை. 'பக்க எண் போடணுமே மிஸ், நான் திருப்பாத பக்கத்தை எப்படிப் போடுறது' என்று இவள் கேட்க, 'எழுபத்தி ரெண்டுன்னு மெஷின்லயே இருக்கு, எழுதிக்கோ' என்று அவர் சொல்ல, இவள், 'அப்போ நீங்க சொன்னீங்கன்னுதான் மிஸ் அடிக்குறிப்புல போடணும்' என்றிருக்கிறாள். வகுப்பே சிரித்துவிட்டது. இவள் சிரிக்க வைக்கச் சொல்லவில்லை, விதி அப்படித்தான், ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டால் சொன்னவர் பெயரைப் போட வேண்டும். ஆனால் ஆசிரியைக்கு அது திமிராகப் பட்டது, விஷயம் தலைமையாசிரியைக்குப் போனது, மறுநாள் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் ஆய்வேட்டோடு போனேன். பல்கலைக்கழக முத்திரை இருக்கிறது, தேதி இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக அந்த மனிதரே வழிகாட்டி என்று கையெழுத்துப் போட்ட பக்கம் இருக்கிறது. தலைமையாசிரியை மரியாதையானவர், உட்காரச் சொன்னார், மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார். ஆய்வேட்டைத் தூசி ஒட்டிவிடும் என்பது போல விரல் நுனியால் புரட்டினார். தேதியைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, 'நீங்க சொல்றது உண்மையாவே இருக்கலாம் சார், ஆனா இது அச்சுல வரலையே' என்றார். அச்சில் வராதது உண்மையில்லையா என்று கேட்டேன். 'அப்படிச் சொல்லல சார், நடுவர்களுக்குத் தெரிஞ்ச பேரா இருந்தா பொண்ணுக்கு நல்லது, தெரியாத பேரு அதுவும் அப்பா பேருன்னா சந்தேகப்படுவாங்க, ஸ்கூல் பேரும் கெடும்' என்றார். புத்தகத்தின் பெயருக்கு மாற்றினால் பள்ளி முத்திரையோடு அனுப்புவார்களாம், இல்லையென்றால் அனுப்ப மாட்டார்களாம். உண்மை எது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்த பிறகுதான் இதைச் சொன்னார். தெரியாமல் செய்கிறவர்களை நான் மன்னித்துவிடுவேன். இந்த வகையை என்னால் மன்னிக்க முடியாது, இந்த வகை மனிதர்கள்தான் அன்று நான் முறையிடப் போன பல்கலைக்கழகத்திலும் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களும் எனக்கு நாற்காலி போட்டார்கள். நான் கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டேன். வெளியே எழுத்தர் எழுந்து நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தார். பக்கத்தில் நின்ற நண்டு என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

வரும் வழியில் பேருந்து நிறுத்தத்துக்கு வந்ததும், 'இனிமே ஸ்கூலுக்கு வராதீங்கப்பா' என்றாள். ஏன் என்றேன். 'நீங்க அங்க என்னைப் பத்திப் பேசினது ரெண்டு வார்த்தை, மீதி எல்லாம் அவரைப் பத்தி' என்றாள். எனக்குச் சுருக்கென்றது. உனக்காகத்தானே பேசினேன், என் பெயரை நீ விட்டுக்கொடுக்காமல் நின்றாயே என்றேன். அதற்கு அவள், 'நீங்க என் அப்பாங்கறதுக்காகப் போடல, நான் படிச்சேன், அதனால போட்டேன், அவர் புத்தகத்தைப் படிச்சிருந்தா அவர் பேரைத்தான் போட்டிருப்பேன்' என்றாள். பேருந்து வந்தது, ஏறினோம், ஆளுக்கொரு இருக்கையில் உட்கார்ந்து வந்தோம்.

இந்த நிலைமையில்தான் நீ போன் செய்தாய். பெயரை மாற்றிவிடு என்று ஆசிரியை சொன்னார், தலைமையாசிரியை சொன்னார், மூன்றாவதாக நீயும் சொன்னாய். அவர்கள் இருவருக்கும் பள்ளி முத்திரை இருக்கிறது, காப்பாற்ற வேண்டும். உனக்கு என்ன இருக்கிறது? கடைசிப் பக்கத்தை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டாயே, சொல்கிறேன் கேள். அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை நான் புத்தகக் கடையில் நின்றபடியே பார்த்தேன், ஆதார நூல் பட்டியலில் மேலிருந்து கீழே விரலை வைத்துக்கொண்டு வந்தேன், முடிகிற வரைக்கும் வந்தேன், கடைக்காரர் ஏதாவது தேடுறீங்களா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கடைசிப் பக்கத்தைப் பார்க்கிற ஆள் ஒருவனாவது எங்கேயாவது இருப்பான். உன் கம்பெனி அறிக்கைகளில் நீ யார் எழுதியதை எடுத்துப் போடுகிறாய், யார் பெயரை விடுகிறாய் என்று எனக்குத் தெரியாது. நீ அவ்வளவு சுலபமாகச் சொன்ன விதத்தைக் கேட்டபோது கையில் இருந்த ஹீட்டர் கம்பியைக் கீழே வைத்துவிட்டேன்.

உன் பேச்சை அவள் கேட்கவில்லை. அதற்காக நான் சந்தோஷப்பட்டால், அடுத்து அவள் செய்தது என்ன தெரியுமா? பள்ளி நூலகத்திலிருந்து அந்த மனிதரின் புத்தகத்தை எடுத்து வந்தாள். நம் வீட்டுக்குள். எதற்கு என்றேன். 'எல்லாரும் இதைப் போடு போடுன்னு சொல்றாங்களே, என்னதான் இருக்குன்னு பாக்கறேன்' என்றாள். ஹாலில் என் நாற்காலிக்கு எதிரிலேயே உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். நான் அந்த மூன்றாம் அத்தியாயத்தையும் முன்னுரையையும் பட்டியலையும் தவிர அதில் எதையும் படித்ததில்லை, படிக்கப் பிடிக்கவில்லை. இவள் வரிவரியாகப் படித்தாள், காகிதக் கீற்று வைத்துக் குறித்துக்கொண்டாள். வியாழக்கிழமை மாலை என்னிடம் வந்து, 'அப்பா, என் அளவெல்லாம் உங்க அளவைவிடக் கம்மியா வந்துச்சே, ஏன்னு தெரியாம இருந்தேன்ல, இப்போ தெரிஞ்சுடுச்சு' என்றாள். மழைக்குப் பிறகு கிழக்கே உப்பு எவ்வளவு இறங்குகிறது, கோடையில் மறுபடி எவ்வளவு ஏறுகிறது என்று அவர் பல வருடங்கள் மாதாமாதம் அளந்து ஐந்தாம் அத்தியாயத்தில் வைத்திருக்கிறாராம். நான் அளந்தது ஒரே ஒரு கோடை. இவள் அளந்தது மழைக்குப் பின்னால். அந்தக் கணக்கு இல்லாமல் இவள் கட்டுரை நிற்காது, என் பத்தியும் இவள் அட்டவணையும் ஒன்றோடொன்று சண்டை போடும். 'இது அவர் அளந்தது, உங்க ஆய்வேட்டுல இல்ல, நான் ரெண்டு தடவை பாத்துட்டேன்' என்றாள். நானும் எடுத்துப் பார்த்தேன். இல்லை.

ஆக அந்த மனிதரின் பெயரையும் போட்டிருக்கிறாள். பாறைக்கு நான், மழைக்கு அவர். இன்னொரு அடிக்குறிப்பும் எழுதியிருக்கிறாள், பாறை பற்றிய பத்தி ஆய்வேட்டில் இந்த ஆண்டிலும், அதே சொற்களில் புத்தகத்தில் பின்னால் இந்த ஆண்டிலும் வந்திருக்கிறது என்று. திருட்டு என்றோ அநியாயம் என்றோ ஒரு சொல் இல்லை. நான் ஒரு சொல்லாவது சேர் என்று கேட்டுப் பார்த்தேன். 'ரெண்டு வருஷத்தையும் போட்டாச்சுல்லப்பா, படிக்கிறவங்களுக்குக் கண்ணு இருக்கு' என்று சொல்லிவிட்டாள். கடைசிப் பட்டியல் அகர வரிசையில் இருக்க வேண்டுமாம், அகர வரிசையில் அவர் பெயர் என் பெயருக்கு மேலே வருகிறது. ஆண்டு வரிசையில் போட்டால் என்ன என்றேன். விதி என்று சுவரைக் காட்டினாள். அகர வரிசைகூட அந்த மனிதர் பக்கம்தான். அம்மா சமையலறையிலிருந்து, 'ஒரே பக்கத்துல ரெண்டு பேரும் உக்காந்தாச்சு, இனிமே தட்டு வைக்க வேண்டாம்' என்றாள்.

பள்ளி முத்திரை இல்லாமலும் அனுப்பலாம் என்று விதிகளில் பத்தொன்பதாவதாக ஒன்று இருந்திருக்கிறது, பெற்றோர் கையெழுத்துப் போட்டால் போதும். பள்ளி முத்திரை இல்லாத கட்டுரையைக் கடைசியாகத்தான் எடுத்துப் பார்ப்பார்கள் என்று தலைமையாசிரியை பயமுறுத்தியிருக்கிறார், அது உண்மையாகவும் இருக்கலாம், அந்த ஒரு மாத இடம் கைநழுவிப் போகலாம், நண்டுக்கு அது தெரியும். தெரிந்தே வெள்ளிக்கிழமை காலை தாளை என்முன் வைத்தாள். பயன்படுத்திய ஆதாரங்கள் எல்லாம் உரியவர் பெயரிலேயே காட்டப்பட்டிருக்கின்றன என்று பெற்றோர் உறுதி சொல்ல வேண்டும். பட்டியலை முழுக்க ஒரு முறை உரக்கப் படிங்க, பிழை இருக்கான்னு பாக்கலாம் என்றாள். படித்தேன். அந்த மனிதரின் பெயரை, முதலெழுத்து, புள்ளி, பட்டம் எல்லாவற்றோடும், என் வாயால் என் வீட்டுக்குள் படித்தேன். ஓரிடத்தில் காற்புள்ளி விட்டுப்போயிருந்தது, அவர் பெயருக்குப் பின்னால்தான், சொன்னேன், திருத்திக்கொண்டாள். அடுத்த வரியில் என் பெயர் இருந்தது. என் வாக்கியத்துக்கு என் பெயரைப் போட்ட முதல் தாள் அது. கையெழுத்துப் போட்டேன். எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் கொஞ்சமும் குறையவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன், ஆனால் அந்தத் தாளில் இருந்தது எதுவும் பொய்யில்லை, பொய்யில்லாத தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளே தபால் நிலையத்துக்குப் போய் அனுப்பிவிட்டு வந்தாள், கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாள்.

முடிவு வர இரண்டு மாதம் ஆகும். அதுவரை பள்ளியில் அவள் அந்த ஆசிரியையின் முகத்தைத்தான் தினமும் பார்க்க வேண்டும், வகுப்பில் முணுமுணுப்பு இன்னும் இருக்கிறதாம், அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. நான் பள்ளிக்குப் போகக் கூடாது. ஆகவே நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அவளுக்குப் போன் செய்து, நான் சொன்னது தப்பு என்று சொல். அப்பா சொல்லச் சொன்னார் என்று சொல்லாதே, சொன்னால் அதற்கும் அவள் என் பெயரைப் போட்டுவிடுவாள். அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தாலும் லைனைத் துண்டித்துவிடாதே, கொஞ்ச நேரம் இரு. நீ குழந்தையாக இருந்தபோது யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டாய், கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாய், இப்போது வளர்ந்துவிட்டாய், கேட்கலாம்.

குளிர் அதிகம் என்று அம்மாவிடம் சொன்னாயாம், காதை மூடிக்கொண்டு வெளியே போ. கண்ணாடிக்குப் புது லென்ஸ் போடச் சொன்னேனே, போட்டாயா என்று எழுது. நீயும் உன் வேலையும் நன்றாக இருக்க வேண்டும், உன் கையால் எழுதுவது எல்லாம் உன் பெயரில் நிற்க வேண்டும், பிறர் எழுதியது பிறர் பெயரில் நிற்க வேண்டும், இதற்குமேல் ஆசீர்வாதம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அம்மா தன் அன்பைத் தனியாகச் சொல்லச் சொன்னாள், ஆகவே இது அவளுடையது என்று குறித்துவிடுகிறேன். போன் செய்ய மறக்காதே.

உன்மேல் கோபத்தோடும் அதைவிட அதிகமான அன்போடும்,
அப்பா